வினையால் பெயர்பெற்ற உணவு: திருவனந்தபுரத்து அன்றாடச் சைவ உணவின் வரலாறு

முன்னுரை

வரலாறு எழுதுவோர் அரசாணை, கல்வெட்டு, செப்பேடு, பயணக்குறிப்பு ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வர். உணவின் வரலாற்றை எழுதுவோரும் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். அதனால் அரண்மனை விருந்தும் கோயில் படையலும் ஊட்டுப்புரைப் பந்தியும் வரலாற்றில் இடம்பெறுகின்றன. நாள்தோறும் வீட்டு அடுப்பில் ஆக்கப்பட்டு அன்றே உண்டு தீர்க்கப்படும் எளிய உணவுக்கு ஏடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அதனை ஆக்கியவர் பெண்கள். ஆக்கும் முறையைத் தாய் மகளுக்கும் மாமி மருமகளுக்கும் அடுப்படியிலேயே கற்பித்தனர். எழுத்தில் பதிவு பெறாத இவ்வறிவு எங்கே தங்கியிருக்கிறது என்னும் வினா எழுகின்றது. அது உணவுப் பெயர்களில் தங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. திருவனந்தபுரத்து வீடுகளில் வழங்கும் அன்றாடச் சைவ உணவுப் பெயர்களைக் கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

இங்குச் ‘சைவ உணவு’ என்பது ஊனும் மீனும் கலவாத உணவு என்னும் இன்றைய வழக்குப் பொருளிலேயே கொள்ளப்படுகிறது. கடற்கரை நகரமாகிய திருவனந்தபுரத்தில் பல வீடுகளில் மீன் அன்றாட உணவாகும். ஆயினும் அவ்வீடுகளிலும் நோன்பு நாள், கோயில் நாள், மீன் கிடைக்காத நாள் ஆகியவற்றில் தோட்டத்துக் காயும் கிழங்கும் பயறும் தேங்காயுமே கறியாயின. எனவே இவ்வுணவை ஒரு சாதிக்கோ சமயப் பிரிவுக்கோ மட்டும் உரியதாகக் கருதுவது பொருந்தாது.

அரண்மனைக் கதையும் அடுப்படிச் சொல்லும்

அவியல் தோன்றிய வகை பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. விராட நாட்டு மடைப்பள்ளியில் மறைந்து வாழ்ந்த வீமன், கிடைத்த காய்களையெல்லாம் ஒன்றாக வேகவைத்தான் என்பது ஒன்று. மற்றொன்று திருவனந்தபுரத்திற்கே உரியது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) பத்மநாபசுவாமி கோயிலில் 1750இல் முறைஜபம் என்னும் வேதம் ஓதும் சடங்கைத் தொடங்கினார். ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் நிகழும் இச்சடங்கிற்கு வந்தோர்க்குப் பெரிய அளவில் உணவு சமைக்கப்பட்டது. ஒருநாள் காய்கள் போதாமற்போகவே, எஞ்சியிருந்த துண்டுகளைச் சேர்த்துத் தேங்காய் அரைத்துவிட்டு ஆக்கியதே அவியல் என்று அக்கதை கூறும்.

இரு கதைகளும் ஒரு தன்மையில் ஒத்துள்ளன. இரண்டிலும் உணவை ஆக்கியவன் ஆண். இடம் அரசு சார்ந்த மடைப்பள்ளி. நிகழ்ச்சி ஒருநாள் நேர்ந்த தற்செயல். ஆனால் ‘அவியல்’ என்னும் சொல் இதற்கு மாறான செய்தியைத் தருகிறது. அது ஓர் அரசன் பெயரையோ ஊர்ப் பெயரையோ தாங்கவில்லை. ‘அவி’ என்னும் வினையடியிலிருந்து ‘அல்’ ஈறு பெற்று அமைந்த தொழிற்பெயர் அது. வறுவல், பொரியல், துவையல், மசியல் என்பனவும் இவ்வமைப்பினவே. பல கைகள் பல காலம் செய்த தொழிலே உணவின் பெயராயிற்று. தோட்டத்தில் அன்று கிடைத்த காய்களை ஒரே பாத்திரத்தில் சேர்த்து வேகவைத்தல் விறகும் நேரமும் குறைவாக உள்ள எந்த வீட்டிலும் தோன்றக்கூடிய முறையாகும். அதற்கு ஓர் அரண்மனைத் தற்செயல் தேவையில்லை.

பிற பெயர்களும் இம்முடிவுக்கு அரண் செய்கின்றன. திருவனந்தபுரத்தில் ‘தோரன்’ என வழங்கும் கறியை நாஞ்சில் நாட்டார் ‘துவரன்’ என்பர். துவர்தல் என்பது ஈரம் புலர்தல். நீர் வற்றும்வரை வதக்கித் தேங்காய் சேர்க்கப்படும் கறிக்கு இப்பெயர் பொருந்துகிறது. தேங்காயைக் கருகும் பதத்திற்குச் சற்று முன்வரை வறுத்து அரைத்து ஆக்கும் குழம்பு ‘தீயல்’. தீய்தல் என்னும் வினை இதில் வெளிப்படை. எண்ணெய்ப் பசை பூசிப் புரட்டி எடுக்கும் கறி ‘மெழுக்குபுரட்டி’. புளிசேரி, எரிசேரி என்பவற்றின் முன்னுறுப்புகள் புளிப்பையும் காரத்தையும் சுட்டுவன. மலையாளத்தில் ‘எரிவு’ என்பது இன்றும் காரத்தைக் குறிக்கும். இவ்வாறு பெயர்கள் அனைத்தும் செயலையோ சுவையையோ சுட்டுகின்றன. பெயரைக் கேட்ட அளவில் செய்முறை நினைவுக்கு வரும். எழுதாச் சமையல் நூலின் தலைப்புகளாக இவற்றைக் கருதலாம்.

கல்வெட்டுப் பட்டியலும் இன்றைய இலையும்

பெயரிடும் இம்முறை எவ்வளவு பழைமையானது என்பதற்குப் பொதியமலைக்குக் கீழ்ப்புறத்தில் ஒரு சான்று உள்ளது. திருவனந்தபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல்பால் அமைந்திருப்பதுபோல, அதன் கீழ்பால் தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம் அமைந்துள்ளது. அங்குக் கிடைத்த பாண்டியன் வரகுணன் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படுகிறது. கோயிலின் நாள் வழிபாட்டிற்காக 290 காசு முதலாக வைக்கப்பட்டு, அதன் வட்டியாக வரும் நெல்லைக் கொண்டு படைக்கவேண்டிய உணவு வகைகள் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. சோறு, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம் ஆகியவற்றோடு காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்னும் கறிவகைகள் அதில் குறிக்கப்பெறுகின்றன.

இப்பட்டியல் கோயிலுக்குரியது, ஆனால் அதன் சொற்கள் கோயிலில் பிறந்தவை அல்ல. புளிக்கவைத்தது, புழுக்கியது, பொரித்தது என்னும் பாகுபாடு அடுக்களையின் பாகுபாடாகும். கல்வெட்டை எழுதியோர் வீட்டு வழக்கிலிருந்த சொற்களை எடுத்தாண்டனர் எனக் கொள்வதே பொருத்தம்.

இவற்றுள் ‘புழுக்கு’ என்னும் சொல்லின் பிற்கால வரலாறு கருதத்தக்கது. தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இச்சொல் பெரும்பாலும் மறைந்து, புழுங்கல் அரிசி போன்ற வழக்குகளில் அதன் வேர் நிலைத்துள்ளது. மலையாளத்தில் அது உணவுப் பெயராகவே வாழ்கிறது. சேனை, காச்சில், சேம்பு, சிறுகிழங்கு, நேந்திரங்காய், பெரும்பயறு ஆகியவற்றை வேகவைத்துச் செய்யும் திருவாதிரைப் புழுக்கு மார்கழித் திருவாதிரை நோன்பின் உணவாகும். கஞ்சியும் புழுக்கும் எளிய வீடுகளின் இரவுணவாக இருந்தன. பாண்டிநாட்டுக் கல்லில் பொறிக்கப்பட்ட சொல் மலைக்கு மேற்கே சட்டியில் தங்கியது எனலாம்.

‘கறி’ என்னும் சொல்லும் இவ்வாறே பொருள் மாறி வளர்ந்தது. அகநானூற்று 149ஆம் பாடலில் முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனக் கலம் ஏற்றிச் சென்றது கறி. அங்கு அதன் பொருள் மிளகு. வரகுணன் கல்வெட்டில் அதே சொல் மிளகு முதலிய காயம் சேர்த்து ஆக்கிய தொடுகறிக்குப் பெயராகிவிட்டது. சேர்பொருளின் பெயர் உணவின் பெயராயிற்று.

சங்க இலக்கியத்தில் வீட்டுச் சமையலைக் கண்முன் நிறுத்தும் பாடலாகக் கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167ஆம் பாடல் அனைவரும் அறிந்தது. தலைவி தயிரைப் பிசைந்த விரலைத் தன் ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகிறது. அவள் ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் இனிதென உண்ண, அவள் முகம் மலர்கிறது. செவிலி இதனைக் கண்டுவந்து நற்றாய்க்கு உரைக்கிறாள். முல்லைத் திணையின் இல்லற இன்பமாகவே இப்பாடல் பயிலப்பட்டு வருகிறது. உணவு வரலாற்று நோக்கில் பார்த்தால், தயிர், புளிப்பு, தாளிப்பு என்னும் மூன்றும் ஒரு பெண்ணின் உழைப்பாக இணைந்து பதிவான பழஞ்சான்று இது. இதனையே இன்றைய புளிசேரியின் மூலம் என உறுதிசெய்ய இயலாது. ஆனால் தயிரும் புளிப்பும் தாளிப்பும் கூடிய குழம்பு வீட்டுத் தலைவியின் கைப்பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பழைய பெயரில் புதிய பொருள்

சொல் பழையதாயின் உணவும் மாறாமல் வந்தது என முடிவுசெய்தல் பிழையாகும். வரகுணன் காலத்துக் கறியில் மிளகாய் இல்லை. அமெரிக்கக் கண்டத்துக்குரிய மிளகாய், 1498இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டை அடைந்த பின்னரே கடல்வழி இங்கு வந்தது. வந்த பொருளுக்கு வீட்டார் இட்ட பெயர் மிளகாய். மிளகுபோல் காரமுடைய காய் என்பது பொருள். திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இம்மாற்றம் மேலும் ஒருபடி சென்றது. மலையாளத்தில் ‘முளகு’ என்னும் பெயரை மிளகாய் கவர்ந்துகொள்ள, பழைய மிளகு ‘நல்லமிளகு’ என அடைபெற்றது. உரிமையாளன் அடைமொழி வேண்டி நின்றதும் வந்தவன் உரிமை பெற்றதும் இவ்வொரு சொல்லில் பதிவாகியுள்ளன. மிளகாய் நாள்தோறும் கைபட்ட பொருளாயிற்று என்பதற்கு இதுவே சான்று.

கிழங்கின் பெயரிலும் இதனையே காண்கிறோம். தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த கிழங்கைத் தமிழ்நாட்டார் மரவள்ளி என்றனர். திருவனந்தபுரத்தாரும் குமரி மாவட்டத்தாரும் மரச்சீனி என்கின்றனர். கொடியில் விளையும் வள்ளிக்கிழங்கை முன்பே அறிந்தோர் செடியில் விளைந்ததை ‘மர’வள்ளி என்றனர். தென்மாவட்டங்களில் சர்க்கரைவள்ளிக்குச் சீனிக்கிழங்கு என்பது பெயர். ஆதலின் புதியது ‘மர’ச்சீனி ஆயிற்று. இரு வழக்கிலும் அடிப்படை ஒன்றே: அறிந்த கிழங்கைக்கொண்டு அறியாததைச் சுட்டுதல். மத்திய கேரளத்தில் வழங்கும் ‘கப்ப’ என்பதற்குக் கப்பலில் வந்தது எனப் பொருள் கூறுவாரும் உளர். திருவனந்தபுரத்துப் பெயரில் கடற்பயணத்தின் சுவடே இல்லை.

மரச்சீனியும் அரசும்

மரச்சீனியின் வரலாற்றில் அரசின் பங்கை மறுக்க இயலாது. விசாகம் திருநாள் இராமவர்மா (ஆட்சி 1880–1885) பயிர்த்தொழிலில் ஆர்வமுடையவர். இக்கிழங்கைத் திருவிதாங்கூர் முழுதும் பயிரிட ஊக்குவித்தவர். பச்சைக் கிழங்கில் நஞ்சுண்டு என மக்கள் அஞ்சியபோது, அரண்மனையிலேயே வேகவைத்து உண்டு அவர் அச்சம் நீக்கினார் என்னும் கதை வழங்குகிறது. மக்களின் அச்சம் பொய்யன்று. இக்கிழங்கில் சயனைடு வெளிப்படுத்தும் வேதிப்பொருள் உண்டு. கசப்பு வகைகளில் அது மிகுதி. தோலை உரித்து, துண்டாக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். வேதியியல் விளக்கத்தை அறியாத வீடுகளிலும் இச்செய்முறை பிழையின்றி நடந்துவந்தது. கதை மன்னரை நினைவில் வைத்தது. ஒவ்வொரு நாளும் நீரை வடித்தவர்களை நினைவில் வைக்கவில்லை.

இக்கிழங்கின் தேவை 1942இல் முழுமையாக வெளிப்பட்டது. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பாதிக்கும் குறைவாகவே விளைவித்தது; எஞ்சியதற்குப் பர்மா முதலிய நாடுகளை நம்பியிருந்தது. அவ்வாண்டு ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அரிசி வரத்து நின்றது. சோறு ஆக்கிய பானையில் மரச்சீனி வெந்தது. வேகவைத்து வடித்த கிழங்குடன் தேங்காய், பச்சைமிளகாய், மஞ்சள் ஆகியவற்றைச் சதைத்துச் சேர்த்து மசிக்கும் முறை, முன்பிருந்த புழுக்கின் செய்முறையேயாகும். புதிய உணவை ஏற்கப் பழைய வினை இடங்கொடுத்தது. கிழங்கைச் சீவி உலர்த்தியும், மாவாக்கிப் புட்டு அவித்தும் வீட்டார் அரிசியின் இடத்தை நிரப்பினர்.

ஆயினும் இதனை வெற்றிக் கதையாக மட்டும் கூறுதல் நேர்மையன்று. கே. ஜி. சிவசுவாமி முதலியோர் 1943–44ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் ஆராய்ந்து 1945இல் நூலாக வெளியிட்டனர். மரச்சீனி மாவுச்சத்து மிக்கது. புரதம் மிகக் குறைந்தது. பயறோ மீனோ உடன் சேராதபோது அது பசியை ஆற்றியதேயன்றி உடலை வளர்க்கவில்லை. கஞ்சிக்குப் பயறு, கிழங்குக்கு மீன் அல்லது பயறு என்னும் வீட்டு இணைகள் சுவைக்காக மட்டும் அமைந்தவை அல்ல என்பதனை அப்பஞ்சம் உணர்த்தியது. 1980களின் நடுவில் கேரளப் பள்ளிகளில் கஞ்சியும் பயறும் மதிய உணவாக வழங்கப்பட்டபோது, வீட்டு இணை ஒன்று அரசுத் திட்டமாக உயர்ந்தது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநில அமைப்பில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாகிய நாஞ்சில் நாடு இவ்வாறு எல்லைக்கு அப்பால் சென்றது. திருவனந்தபுரம் சிறீகாரியத்தில் 1963இல் நடுவண் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. அது 1977இல் வெளியிட்ட மரவள்ளி இரகம் ஒன்று ‘சிறீ விசாகம்’ என அம்மன்னர் பெயரைப் பெற்றது. ஆய்வுக்கூடத்து இரகம் அரசன் பெயரைத் தாங்க, அடுக்களையில் கிழங்கு மரச்சீனியாகவே நீடித்தது. பெயரிடும் இரு மரபுகளின் வேறுபாடு இங்குத் தெளிவாகிறது.

வீட்டுக்குள் வராத அடுப்பு

வீட்டாரால் ஏற்கப்பட்ட பொருள் வீட்டுப் பெயர் பெறும் என்னும் கருத்தை எதிர்நிலைச் சான்றாலும் சோதித்தல் வேண்டும். மூடிய அடுப்பில் வெதுப்பி எடுக்கும் உணவுகள் அதற்கு உதவுகின்றன. வட கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1883இல் கிறித்துமசு கேக் செய்தது கேரளத்தில் அடுமனைத் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதன்பின் நகரங்களில் அடுமனைகள் பெருகின. ஆனால் ரொட்டி வேகும் அடுப்பு வீட்டுக்குள் வரவில்லை. கேரளத்தில் அது ‘போர்ம’ எனவும், இலங்கைத் தமிழில் போர்த்துக்கீசியச் சொல்வழியே ‘போறணை’ எனவும் வழங்குகிறது. கேக், பிஸ்கட், பேக்கரி ஆகியனவும் கடன்சொற்களாகவே உள்ளன.

வீட்டில் இப்பணியைச் ‘சுடுதல்’ என்னும் வினை ஏற்றது. அப்பம் சுடுதல், அடை சுடுதல், போளி சுடுதல் என்பன வழக்கு. ஓட்டில் சுடப்படும் அடை கேரளத்தில் ‘ஓட்டடை’. கடலைப்பருப்புப் பூரணம் பொதிந்து கல்லில் சுடும் போளி மலைக்கு அப்பாலிருந்து வந்ததாயினும், திருவனந்தபுரத்து விருந்தில் பால் பாயசத்தோடு சேர்த்து உண்ணும் தனிவழக்கைப் பெற்றுவிட்டது. தோசைக்கல் இருந்தமையால் போளி வீட்டுக்குள் வந்தது. போர்ம இல்லாமையால் ரொட்டி கடைப்பொருளாக நின்றது. முட்டைக்கோசு, கேரட், பீன்சு முதலியன சந்தையிலிருந்து வந்து கடன்பெயரோடே தோரனில் சேர்ந்தன என்பதனையும் மறத்தலாகாது. காயின் பெயர் கடனாயினும் கறியின் பெயர் மாறவில்லை, வினையே நிலைபேறுடையது.

ஆற்றுக்கால்: தெருவிற்கு வந்த அடுக்களை

வீட்டுச் சமையல் ஊரறியும் நிகழ்வாவது ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்காலையன்று. கும்ப மாதத்தில் நிகழும் இவ்விழாவில் பெண்கள் தெருவோரங்களில் செங்கல் அடுக்கி, புதுமண்பானையில் பச்சரிசி, வெல்லம், தேங்காய் இட்டுப் பொங்குகின்றனர். 1997இல் 15 இலட்சம் பெண்களும் 2009இல் 25 இலட்சம் பெண்களும் திரண்டதைக் கின்னஸ் சாதனைப் பதிவு குறித்துள்ளது. பொங்கலோடு தெரளியப்பமும் மண்டபுட்டும் ஆக்கப்படுகின்றன. அரிசிமாவும் வெல்லமும் பழமும் பிசைந்து தெரளி இலையில் பொதிந்து அவிப்பது தெரளியப்பம். இலையைக் கும்பிளாகக் கோட்டுவதால் பிற பகுதிகளில் இதனைக் கும்பிளப்பம் என்பர். தலைநோய் தீரப் படைக்கும் மண்டபுட்டுக்குக் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டு அம்மன் கோயிலின் மண்டையப்பம் இணையாக நிற்கிறது. 1956இல் இடப்பட்ட எல்லையைக் கடந்து இரு கோயில்களும் ஒரே நம்பிக்கையையும் ஒரே சொல்லையும் காத்துவருகின்றன.

2021இல் பெருந்தொற்றுக் காரணமாகப் பெண்கள் தத்தம் வீட்டிலேயே பொங்காலையிடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். தெருவிலிருந்து விழா வீட்டிற்குத் திரும்பியும் தடைப்படவில்லை. சடங்கின் அடிப்படை வீட்டு அடுப்பு என்பதனை அவ்வாண்டு புலப்படுத்தியது.

முடிவுரை

திருவனந்தபுரத்து அன்றாடச் சைவ உணவின் பெயர்கள் வினையாலும் சுவையாலும் அமைந்தவை. அவற்றின் பாகுபாடு 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே காணக்கிடைப்பது. மிளகாயும் மரச்சீனியும் கடல்கடந்து வந்தபோது, வீட்டார் அவற்றைப் பழைய பெயர்களின் வழியே ஏற்றனர். பழைய வினைகளின் வழியே சமைத்தனர். அரசு விதையையும் ஊக்கத்தையும் தந்தது. உண்ணத்தக்க உணவாக்கியது அடுக்களை. ஆகவே அவியல் முதலியவற்றை அரண்மனைக் கண்டுபிடிப்பாகக் கூறும் கதைகளைக் கதைகளாகவே கொண்டு, ஆக்கியோர் இன்னாரென அறியப்படாத வீட்டுப் பெண்களின் கூட்டுப் படைப்பாக இவ்வுணவுகளை மதிப்பிடுதல் தகும்.

இம்மதிப்பீட்டிற்குரிய சான்றுகள் விரைந்து மறைந்து வருகின்றன. மண்சட்டியும் அம்மியும் விறகடுப்பும் வழக்கொழியும்போது சதைத்தல், துழாவுதல், வடித்தல், தீய்த்தல் போன்ற வினைகளின் நுண்பொருள் வேறுபாடுகளும் ஒழிகின்றன. நெய்யாற்றங்கரை முதல் தோவாளை வரை மாநில எல்லையின் இருபுறமும் வாழும் முதிய பெண்களிடம் சமையல் வினைச்சொற்களைத் தொகுத்து, தமிழ், மலையாள அகராதிகளோடும் கல்வெட்டுச் சொல்லடைவுகளோடும் ஒப்பிடும் களப்பணி இன்று இன்றியமையாதது. சமையல் குறிப்பைப் பின்னரும் எழுதிக்கொள்ளலாம். அதனை ஆளும் சொல்லை, அதனைப் பேசுவோர் உள்ளபோதே கேட்டறிதல் வேண்டும்.